மணி கெட்டுப் போச்சு

ஏணிய விரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாபெரும் பிழையத் திருத்திடணும் தம்பி. ஒரு பழக்கத்த ஒழிக்கணும்னா திட்டணும், ரெண்டு போடணும்னு நீங்க இப்ப உங்க பையனப் பத்திச் சொன்னீங்களே, அது சுத்தத் தப்பு. திட்டும் ஒரு கவனிப்புதான். அதத் தின்னே பழக்கம் கொழுக்கும். ஒண்ணுமே செய்யக் கூடாது. திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது. முப்பது வருஷம் காலேஜ்ல இதத்தான் நடத்தினேன். மனோதத்துவம். இப்ப அந்த வார்த்தையச் சொன்னாலே வாய் கொப்புளிக்கணும்போல இருக்கு.

ஆமா, அந்த மணிதான். அந்த ரூம் கட்டில்ல பட்டன், இங்க என் மேசைக்கு மேல மணி. பழசு கெட்டுப் போச்சு, புதுசு மாட்டிடுங்கன்னு மச்சினன் சொல்லியிருப்பார். மாட்டுங்க. நாளைக்கு அவர் அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றா. என் வீட்டுக்காரி.

போன வருஷம் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு. பேச்சு குழறும், அவ கூப்பிட்டா இங்க கேக்காது. அதுக்காக நானே வாங்கி மாட்டின மணி. ஒரு நாளைக்கு நாப்பது தடவ அடிச்சா. ஜன்னலத் திறங்க. ஜன்னலச் சாத்துங்க. ஒரு தடவ பாதி ஷேவிங்ல ஓடிப் போய் நிக்கிறேன், ஒண்ணுமில்ல, உங்களப் பாக்கணும்போல இருந்துச்சுங்கிறா. யோசிச்சுப் பாருங்க தம்பி. மணி அடிக்குது, நான் எந்திரிக்கிறேன். யாரு யாரப் பழக்குறா? முப்பது வருஷம் எலியப் பத்திப் பாடம் எடுத்தவன், கடைசில கூண்டுக்குள்ள நிக்கிறேன்.

அதனால போறத நிறுத்தினேன். அப்படிப் பாக்காதீங்க. சாப்பாடு, மருந்து, குளியல் எல்லாம் கடிகாரத்துப்படி நானே செஞ்சேன். பட்டன அமுக்கினா மட்டும் போக மாட்டேன். பாடத்துல இதுக்கு அணைதல்னு பேரு. அணையிறதுக்கு முன்னாடி வெறி பிடிச்சு எரியும், அதுவும் பாடத்துலயே இருக்கு. மூணாவது நாள் அம்பது தடவ அடிச்சா. இல்ல, நாப்பத்தியேழு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டேன். ஒம்பதாவது நாள் மனசு கேக்காம ஒரு தடவ போயிட்டேன். மகா தப்பு. எப்பவாவது பலிக்கும்னு தெரிஞ்சுட்டா அந்தப் பழக்கம் லேசுல சாகாது. மறுபடி முதல்லேர்ந்து. இருபத்திரண்டாவது நாள் பூஜ்யம்.

மணிக்குக் கீழ ஒட்டியிருக்கிற அந்தத் தாளா? கிழிச்சிடாதீங்க. எத்தன தடவ அடிச்சான்னு நாளுக்கு ஒரு புள்ளி. என்ன அழகா இறங்கி வருது பாருங்க. இத வரையிறப்ப நான் சீட்டியடிச்சேன் தம்பி. கட்டின பொண்டாட்டி வாய மூடுறா, நான் ஸ்கேல் வச்சுக் கோடு போடுறேன். த்தூ.

எது, ஓரத்துல தனியா மேல நிக்கிற புள்ளியா? நல்ல கண்ணு உங்களுக்கு. செத்த பழக்கம் பல நாள் கழிச்சு ஒரு தடவ தானாத் தலை தூக்கும். தானா மீளுதல்னு சொல்வோம். அப்பதான் ரொம்ப உறுதியா இருக்கணும்னு வருஷா வருஷம் கரும்பலகையில அடிக்கோடு போட்டிருக்கேன். முப்பத்தாறு நாள் சத்தமே இல்ல. அன்னிக்குக் காலையில பத்தரைக்கு அடிச்சுது. ஒரே தடவ. வந்துட்டியா வான்னு சொல்லிட்டே புள்ளிய வச்சுட்டு, கதவச் சாத்திக்கிட்டேன்.

பன்னெண்டு மணிக்கு மருந்தோட போனேன். தரையில கிடந்தா. தண்ணிச் செம்பு எட்டல, தானே எந்திரிக்கப் பாத்திருக்கா. இடுப்பெலும்பு.

அந்த ரூமுக்குப் போய்ப் பழைய பட்டன ஒரு தடவ அமுக்கிப் பாத்துட்டு வாங்களேன்.

கேட்டுச்சு. நல்லாத்தான் அடிக்குது, எனக்குத் தெரியும். கெட்டுப் போச்சுன்னு அவதான் என் மச்சினன்கிட்ட சொன்னா. குழறிக் குழறி, என் மூஞ்சியப் பாக்காம. நானும் ஆமான்னேன்.

இல்ல இல்ல, புதுசையே மாட்டிடுங்க. ஆஸ்பத்திரியிலயும் கட்டிலோரமா ஒரு பட்டன் இருக்கு. பன்னெண்டு நாள்ல ஒரு தடவகூட அவ அமுக்கலையாம். இப்படித் தொந்தரவே குடுக்காத நோயாளியப் பாத்ததில்லன்னு நர்ஸ் என்கிட்ட சொன்னாங்க.