கமலநாதன் எடுத்த படம்

கிள்ளானில் இருந்துகொண்டு வானத்தைப் படம் எடுக்கப் பொறுமை வேண்டும், இன்ஸ்பெக்டர். துறைமுக வெளிச்சத்தில் வானமே ஆரஞ்சு நிறமாகத்தான் இருக்கும். எனக்குப் பொறுமை நிறைய உண்டு.

ஜெல்லிமீன் நெபுலா என்பது எப்போதோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் வீட்டு மாடியில் தொலைநோக்கியோடு கேமராவைப் பொருத்தி, மழையில்லாத இரவுகளில், மாதக்கணக்கில் அதன் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நண்பன் கமலநாதன் அந்தப் படங்களைக் கணினியில் ஒன்றாக்கி நிறத்தைச் சரிசெய்தான். அவன் செய்தது அவ்வளவுதான்.

படம் ஒரு வானியல் இதழில் வந்தது. கீழே அவன் பெயர் மட்டும் இருந்தது.

"ரெண்டு பேரு போட்டா கன்ஃபியூஸ் ஆவும் லா, அண்ணே. அடுத்த படத்துல போட்டுக்கலாம்" என்றான்.

அவன் மனைவி மாதவிதான் கேட்டாள். "எடுத்தது அண்ணன். ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

அவன் சிரித்தான். பிறகு ஒரு மண்டபத்தில் பேசும்போது, கொசுக்கடியில் தனியாக நின்று எடுத்ததாகச் சொன்னான். கொசு கடித்தது என்னை. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் திடலில் பொதுமக்களுக்குச் சூரியனைக் காட்ட ஏற்பாடு செய்திருந்தான். தொலைநோக்கியின் முகப்பில் வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் பொசுங்கிவிடும். அதை மாட்டுவது எப்போதும் என் வேலை. முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து, வெயிலைத் தடுக்கும் அதன் பூச்சைச் சுரண்டி வைத்திருந்தேன். முதலில் பார்ப்பவன் எப்போதும் அவன்தான்.

அன்று மட்டும், "மாதவி, நீ மொதல்ல பாரு" என்றான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பான். அவனுக்கு நான் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்? அவள் குனிந்தாள்.

வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்ன பிறகு, கட்டில் அருகே போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க பாக்கலதானே? ஒங்க கண்ணுக்கு ஒன்னும் ஆவலையே?"

"இல்லம்மா" என்றேன்.

சுரண்டியது நான். மாட்டியதும் நான். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவளை முதலில் பார்க்கச் சொன்னது கமலநாதன். அவனை ஏன் நீங்கள் இன்னும் கைது செய்யவில்லை?