மிதிக்காமல் எரியும் லைட்

"மிதிக்காம எரியற லைட்டை நான் நம்ப மாட்டேன்" என்றார், சேதராப்பட்டு பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாவின் மடியில் புதிதாக வாங்கிய, விலை குறைந்த பேட்டரி சைக்கிள் லைட்.

"டைனமோ லைட்டு, சைக்கிள் நின்னா அணைஞ்சிடுதே. கம்பெனி விட்டு வர்றப்ப ரோட்டைத் தாண்ட நின்னா, லாரிக்காரனுக்கு நான் தெரியறதேயில்ல" என்றார் மனைவி.

"கடைக்காரன் எரியும்னுதான் சொல்லுவான். இது பாதி வழில சொல்லாம கொள்ளாம அணைஞ்சிடும், பாரு."

மனைவி பொத்தானை அமுக்கினார். வெளிச்சம் கணவரின் முகத்தில் அடித்தது.

"எரியுது, சரி. எவ்ளோ நேரத்துக்கு?"

"கூட்டிட்டுப் போக வர்றேன்னு நீங்க சொன்னதையே நம்பி, கம்பெனி கேட்டுல தினம் நின்னவ நான். இதை நம்ப மாட்டேனா?"

கணவர் கை நீட்டி லைட்டை அணைத்தார்.