மருதங்கால் பறம்பில் எழுந்த சுமைதாங்கி

பொருநை புகுந்து விளையாடும் மருதங்கால் மண்ணுக்கு என் முதல் வணக்கம்! மாலையின் பாரத்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல், ஆனாலும் புன்னகை குறையாமல், தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி அவர்களே! வெள்ளைச் சட்டையோடு வந்து, நம் வெயிலைக் குடித்து, செம்மண் சட்டையோடு நிற்கும் அகழாய்வாளர் கணேஷ்ராம் அவர்களே! நிலம் தந்த நெஞ்சுக்குரிய பிச்சைக்கண்ணு அவர்களே! பந்தலும் ஒலிபெருக்கியும் தந்ததோடு, "டீச்சர், மைக்கைத் தட்டாதீய" என்று இப்போதும் கண்ணாலேயே அதட்டிக்கொண்டிருக்கும் தாஜ் முகம்மது அண்ணாச்சி அவர்களே! தாழியைத் தாயைப் போல் தொட்டெடுத்த தாய்மார்களே, அவர்களின் தலைமகள் சுடலைவடிவு அக்கா அவர்களே! மேலத்தெருச் சான்றோரே! கீழத்தெருச் சான்றோரே! உங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியை பிரம்மநாயகி, இரு கை கூப்பி வணங்குகிறேன்.

என்ன சொல்கிறீர்கள் அங்கே? சுருக்கமாகப் பேச வேண்டுமா? ஐயா, மூவாயிரம் ஆண்டு வாய்மூடிக் கிடந்த ஒருத்தியின் கதையை மூன்று நிமிடத்தில் முடித்தால் அவள் என்னை மன்னிப்பாளா? சோறு எங்கும் ஓடிவிடாது. கொஞ்சம் பொறுங்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வயலுக்கு நடுவே, வரப்புக்கு மேலே, சிவந்த சரளை மண் மேடிட்டுக் கிடக்கிறதே, அதுதான் எங்கள் பறம்பு. நெல் விளையாது. வாழை வளராது. ஆடுகள் மட்டும் ஏறி நின்று எங்களை வேடிக்கை பார்க்கும். அந்த மேட்டை நிரவி, வண்டல் அடித்து, வாழை வைத்துவிடலாம் என்று சென்ற ஆண்டு டிராக்டரை ஏற்றினார் பிச்சைக்கண்ணு. கலப்பை இறங்கியது, 'டங்' என்றது. கல்லா? இல்லை. கட்டையா? இல்லை. ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு அகன்ற மண்தாழியின் வாய்! நம் முன்னோர் தம்மவரை அடக்கம் செய்த தாழி!

"பயந்துட்டாருல்லா!" என்கிறது ஒரு குரல். பயந்தார் என்று நான் சொல்லவில்லை. டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தார் என்று மட்டும் சொல்கிறேன்!

செய்தி நெல்லைக்குப் போனது. முறையான அனுமதியோடு கணேஷ்ராம் வந்தார். கீழத்தெருத் தாய்மார்கள் மண்வெட்டி பிடித்தார்கள், கூடை சுமந்தார்கள். கறுப்பும் சிவப்புமாகக் கலயங்கள் வந்தன. துருவேறிய வேல்முனை வந்தது. நெல்லின் உமி ஒட்டிய ஓடு வந்தது. பிச்சைக்கண்ணுவும் காலைதோறும் வந்தார்.

"சார், எப்ப முடிப்பீய? வாழைக்கன்னு வாடிக்கிட்டு கெடக்கு."

"பைய, அண்ணாச்சி, பைய. இவங்க எல்லாரும் உங்களுக்கு முன்னாடியே வந்தவங்க."

அப்படியே ஆனி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் முடியும் தறுவாய். மணிமுத்தாற்றுப் பக்கம் மலை கறுக்கத் தொடங்கிய ஒரு நண்பகலில்தான், அன்பர்களே, பெரிய தாழி திறந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த கணேஷ்ராமின் கை நின்றது.

"என்ன சார், உள்ள என்ன கெடக்கு?" என்று எட்டிப் பார்த்தார் சுடலைவடிவு.

கணேஷ்ராம் மெல்லச் சொன்னார்: "அம்மா, இது இளவயசுப் பெண். இடுப்பெலும்புக்குள்ள பாருங்க, விரல் அளவு எலும்புகள். நிறைமாசம். பிள்ளை வயித்துல இருக்கும்போதே போயிருக்கா."

சுடலைவடிவு கூடையைக் கீழே வைத்தார். அதைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களும் கூடையைக் கீழே வைத்தார்கள். எல்லாருக்குமாகச் சுடலைவடிவு பேசினார்.

"சார், பிள்ளைச் சுமையோட போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடணும். வழிப்போக்கன் தலைச்சுமைய அதுல எறக்கி வைக்க வைக்க, அவ சுமை கொறையும். இவளுக்கும் நடுதோம்னு ஊரு வாக்குக் கொடுக்கட்டும். அதுவரைக்கும் நாங்க மண்ணைத் தொட மாட்டோம்."

"அம்மா, வானத்தைப் பாருங்க! மழை எறங்குனா எல்லாம் கரைஞ்சு போயிரும்!"

"தெரியுது சார். என் தங்கச்சியும் இப்படித்தான் போனா. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கெடைக்காம, இந்தா, இந்த ரோட்டுலதான் போனா. அவளுக்கு ஒரு கல் நட எங்களுக்கு வக்கில்லாமப் போச்சு. இவளையும் அப்படியே விடச் சொல்லுதீயளா?"

ஓடினேன், ஊரைக் கூட்டினேன்.

ஊர் வந்தது. ஆனால் எப்படி வந்தது? கால்வாய்த் தண்ணீர்த் தகராறுக்குப் பின், மேலத்தெருக் கல்யாணத்தில் கீழத்தெரு கை நனைத்ததில்லை. கீழத்தெரு இழவுக்கு மேலத்தெரு வாசல் மிதித்ததில்லை. குழிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். உறவுக்காரர்கள்தானே கல் நட வேண்டும்? இவளுக்கு உறவு யார்? ஒரு பெரியவர் கேட்டே விட்டார்.

"சார், எலும்பப் பாத்தா எந்தத் தெருன்னு தெரியுமா?"

"அண்ணாச்சி, பல்லைப் பாத்தா வயசு சொல்லுவேன். இடுப்பைப் பாத்தா ஆணா பெண்ணான்னு சொல்லுவேன். தெருப்பேரு எந்த எலும்புலயும் எழுதலியே!"

சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. மேற்கே இடி உருண்டது. அப்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழி ஓரத்தில் வந்து நின்றார் ஒருவர். யார்? வாழைக்கன்று வாடுகிறதென்று வாய் ஓயாமல் சொன்ன அதே பிச்சைக்கண்ணு! உள்ளே பார்த்தார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"என்னத்த வே யோசிக்கீய? எங்க அப்பன் பாட்டன் உழுத நெலத்துல கெடக்கா. எங்க நெலத்துல கெடக்கவ எங்க வீட்டுப் பிள்ள. அவளுக்குப் பொறந்த வீடு நான்தான். கல்லு நான் நடுதேன். இந்தப் பறம்பையும் இனி நெரவ மாட்டேன். வாழைக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்."

கீழத்தெருக்காரர் பிறந்த வீடு என்றதும் மேலத்தெரு சும்மா இருக்குமா? நம் தலைவர் மீசையை நீவிக்கொண்டு முன்னே வந்தார். அடிதடி என்றே நினைத்தேன்!

"ஏம்வே, பொறந்த வீடுன்னு நீரு மட்டும் இருந்தாப் போதுமா? பொண்ணு கட்டிக்குடுக்காமலா நெறமாசம் ஆனா? புகுந்த வீடு நாங்க வே! கல்லுல பாதி எங்களது!"

சிரித்தார்கள் அன்பர்களே! பேசாதிருந்த வாய்கள் பேசின. பாராதிருந்த முகங்கள் பார்த்தன. சண்டை போட்ட இரண்டு தெருக்களையும், பேரும் தெரியாத ஒரு பெண் சம்பந்தி ஆக்கிவிட்டாள்!

சுடலைவடிவு கூடையை எடுத்தார். அதற்குள் முதல் துளி விழுந்தது. அடுத்து நடந்ததை எந்தச் சொல்லால் சொல்வேன்? தாஜ் முகம்மது கடையிலிருந்து பந்தல் துணி பறந்து வந்தது. மேலத்தெரு இளைஞர் மூங்கில் ஊன்ற, கீழத்தெரு இளைஞர் துணியை இழுத்துக் கட்ட, பெண்கள் மண்ணை வாரி வரப்புப் போட்டு வெள்ளத்தைத் திருப்பினார்கள். துணிக்குக் கீழே கணேஷ்ராமும் சுடலைவடிவும் எலும்பு எலும்பாக எடுத்துப் பஞ்சு விரித்த பெட்டியில் வைத்தார்கள். வெறும் தாழியை எத்தனை கைகள் தூக்கின! எந்தக் கை எந்தத் தெருக் கை? சேறு பூசிய பிறகு எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஐயா! பெட்டியையும் தாழியையும் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இறக்கி வைத்தபோது எல்லாரும் நனைந்திருந்தோம், அவள் நனையவில்லை. நெல்லைக்கு ஆய்வுக்கு அனுப்புமுன், நம் பெண்கள் அந்தப் பெட்டிமேல் கண்ணாடி வளையல்களை அடுக்கி வளைகாப்பு நடத்தினார்கள். குலவை ஒலி கேட்டுப் பறவைகள் பறந்தன.

இதோ, இந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுத் தை மாதத்தில் அவளுக்குக் கல் எழுந்துவிட்டது. இரண்டு கால், மேலே ஒரு பலகைக்கல். இன்று காலை அதன்மேல் முதல் புல்லுக்கட்டை இறக்கி வைத்தவர் சுடலைவடிவு. வைத்தபின் தங்கையின் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் தோள் லேசாச்சு டீச்சர்" என்று சிரித்தார்.

என் அருமைத் தாய்மார்களே! கல் நட்டோம், கடமை முடிந்தது என்று கலைந்து போகலாமா? கல்லுக்கு அழகு எது? சுமை இறங்குவது. ஊருக்கு அழகு எது? இன்னொரு கல் நட நேராமல் இருப்பது! வண்டி கிடைக்காமல் ஒரு பெண் இந்தச் சாலையில் சாவது இன்றோடு முடிய வேண்டாமா? இங்கேயே கேட்கிறேன்: வலி எடுத்தால் வண்டி தருபவர் யார்?

பிச்சைக்கண்ணு எழுந்துவிட்டார்! "எந்தத் தெருவா இருந்தாலும் எந்நேரமும் என் டிராக்டரு வரும் டீச்சர்!"

ஆகா! இதோ தாஜ் முகம்மது அண்ணாச்சி: "டிராக்டர்ல குலுக்கிக் கொண்டுபோனா வழியிலயே பொறந்துரும் வே! என் வேன் நிக்கி. பந்தல் சாமான எறக்கிப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க!"

கைதட்டுங்கள்! பறம்பு அதிரத் தட்டுங்கள்! மருதங்காலில் முதல் சுமைதாங்கியும் இதுவே, கடைசிச் சுமைதாங்கியும் இதுவே!

பொறுமையாகக் கேட்ட பெருமக்களுக்கும், இலை போட்டுக் காத்திருக்கும் பந்திக்காரர்களுக்கும் நன்றி. முன்வரிசையில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரிக்கும் சுடலைவடிவு மகள் கலைச்செல்விக்கு என் வாழ்த்து. இங்கே அமர்ந்திருப்போர்க்கும், இனிப் பிறந்து வர இருப்போர்க்கும் வணக்கம்!