மெஷின் நின்ற இடம்

— பிட்டாவைத் தின்னுண்ணே, ஆறிடும். திட்டுறதை அப்புறம் திட்டு.

— கேட்டுக்கோ எவ்லம்பியா. நம்ம கரியை எரிச்சா புகை வருது. அந்தப் புகையை வெளிய விட ஏலத்துல அனுமதி வாங்கணும். இப்ப கரியைவிட புகைக்கு விலை கூட. ஏதென்ஸ்ல கேட்டா பிரஸ்ஸல்ஸைக் கை காட்டுறான். கரண்ட் வித்தா நஷ்டம்னு ஆலையை மூடறாங்க, சுரங்கத்தையும் மூடறாங்க. நான் ஓட்டுற கரி தோண்டுற மெஷினை நேத்தே நிறுத்தியாச்சு.

— எங்க நின்னுச்சு, அனேஸ்டிஸ் அண்ணே?

— எத்தனை தரம் கேட்ப? உன் பழைய ஊர் கல்லறைச் சுவர்கிட்ட. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா ஊரே குழி.

— அப்ப என் வீடு தப்பிச்சுது. நான் அங்கயே போயிடறேன்.

— புத்தி கெட்டுப்போச்சா? ஊரே கிளம்பி இந்தப் புது ஊருக்கு வந்தாச்சு. அங்க தண்ணி இல்ல, கரண்ட் இல்ல.

— இங்க மட்டும்? வீட்டைச் சூடாக்கக் குழாய்ல வர்ற வெந்நி உன் கரண்ட் ஆலையிலேர்ந்துதானே. வர்ற குளிருக்கு அதுவும் நின்னுடும்.

— கேட்டுக்கோ. இந்த வயசுல வேலையைத் தொலைச்சுட்டு நிக்கிறேன். உன்னையும் அங்க தனியா விட்டுட்டு எப்படித் தூங்குவேன்? மாப்பிள்ளை கல்லறை இங்க இருக்கு. சனிக்கிழமை விளக்கை யாரு ஏத்துவா?

— அவரு இங்க இல்லண்ணே.

— என்ன சொல்ற? ஊரைக் காலி பண்ணப்போ எலும்பைத் தோண்டி எடுத்து, பெட்டியை நான்தானே சுமந்துட்டு வந்தேன்?

— எலும்பை ஒயின்ல கழுவுறது பொம்பளைங்க வேலைதானே. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னேன். கழுவி, அவரை அங்கயே திரும்பப் புதைச்சேன். நீ சுமந்தது விறகு.

— விறகா...

— அவரோட தாத்தா கருங்கடல் பக்கத்துலேர்ந்து அகதியா வந்தவரு. 'என்னையாவது பேர்த்துடாதே'ன்னு இவரு சாகறப்போ என் கையைப் பிடிச்சுக் கேட்டாருண்ணே. எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?

— அடிப் பாவி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையா? புகை விலை ஏறலைன்னா என் மெஷினே அவரை வாரியிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேனா?

— நீ இறங்கினா வேற ஒருத்தன் ஏறி ஓட்டுவான். விலை ஏறினா மெஷின் நின்னுடும்னு நீதானே இங்க உக்காந்து புலம்புவ? அதான் விலை ஏறணும்னு மாதாவுக்கு தினமும் மெழுகுவத்தி ஏத்தினேன். நீ உன் சம்பளத்துல குடுத்த காசுலதான் வாங்கினேன், அண்ணே.