கழுவி வைத்த குழி

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ். நல்ல வேளை, பாட்டுப் போடவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் வெறும் கேன் ஒன்று இருந்தது.

“நாத்தம் போனதுதான் ராத்தா எனக்குக் கவலை,” என்றாள் அவள், பக்கத்திலிருந்த மூத்தவரை அக்கா முறை வைத்து.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“கேம்பஸ்ல இருந்து வாறெண்டு சொன்னீங்க. ஆக்கள் வாற நேரம் கூட்டிக் கழுவி வெக்காம இரிக்கிறதா? எங்கட மில்லுல நெல் அவிச்ச தண்ணி நிக்கிற குழிய, பிளீச்சிங் பவுடர் போட்டு நானே நிண்டு கழுவுவிச்சன்,” என்றார் மூத்தவர்.

“நான் இந்தக் கேன்ல அள்ள வந்த குழிச் சேத்துலதான் ராத்தா கிருமிகள் கூட்டமா இருந்திச்சு. அழுக்குத் தண்ணியத் திண்டு ஹைட்ரஜன் வாயு விடுறதுகள். அந்த வாயுவ எரிக்கலாம், தண்ணிட கேடும் குறையும். அதக் காட்டித்தான், மில்ல மூடச் சொல்ற பக்கத்து வயல்காரரோட கதைக்க இருந்தன்.”

“பவுடர்ல செத்ததுகள் திரும்ப வராதா?”

“புதுசா வளக்கலாம். ஆனா அந்தக் கூட்டம் வருசக்கணக்கா அந்தத் தண்ணியிலயே பழகினது.”

“யா அல்லாஹ்,” என்றார் மூத்தவர். பஸ் காரைதீவைத் தாண்டியது.

“தங்கச்சி, மில்லுக்குப் பின்னால ஒரு வாய்க்கால் இரிக்கி. குழித் தண்ணி நிரம்பினா அதாலதான் ஓடுற. நீங்க அங்கால வரமாட்டீங்கண்டு அதக் கழுவல்ல.”

இளையவள் நிமிர்ந்தாள். “சேறு இரிக்கா?”

“முழங்காலளவு இரிக்கி.”

“எங்க போய் விழுகுது?”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மூடச் சொல்ற அந்த மனிசன்ட வயலுக்குள்ளதான்.”