ஈய எழுத்தில் ஒரு பேர்

— மிஸ்ஸி, கதவைச் சாத்தட்டோ?

— சாத்தும். நான் மிஸ்ஸி இல்லை. நோயாளரைப் பாக்கிற மிஸ்ஸிமார் வாட்டிலை நிக்கினம். நான் எக்ஸ்ரே எடுக்கிற ஆள், விமலேஸ்வரி.

— அப்ப உங்களை எப்பிடிக் கூப்பிடுறது மிஸ்ஸி?

— கூப்பிடத் தேவையில்லை. மூச்சைப் பிடி எண்டா பிடிச்சாக் காணும். பேர்?

— பத்மாசனி. உருத்திரபுரம்.

— இருமல் எப்ப தொடங்கினது?

— சிறுபோக நெல்லு வெட்டேக்கை. தூசு எண்டு நினைச்சனான். நிண்டுது. பிறகு திரும்ப வந்தது... நிக்கேல்லை.

— ரத்தம்?

— ஒருக்கா. டொக்டருக்குச் சொன்னனான். அதாலைதான் படம் எடுக்கச் சொல்லித் துண்டு தந்தவர்.

— சரி. முழுகாமல் இருக்கிறீரோ?

— சீ... என்ன கேள்வி இது.

— வயித்திலை பிள்ளை கிடந்தா இந்தக் கதிர் படக்கூடாது. எல்லாரிட்டையும் கேக்கிறனான்.

— என்னைப் பாத்தா அப்பிடியோ தெரியுது? ஆரும் கேட்டா என்ன நினைப்பினம்...

— தாலியோடை வந்த பிள்ளையிட்டை இதைக் கேட்டா ஆர் என்ன நினைக்கிறது?

— ... இல்லை. அப்பிடி ஒண்டும் இல்லை.

— ம்.

— அந்தத் தகட்டிலை என்ன அடுக்கிறியள்?

— ஈய எழுத்து. உம்மடை பேர். கதிர் ஈயத்துக்குள்ளாலை போகாது. நெஞ்சோடை பேரும் சேந்து படத்திலை விழும்.

— பிறகு மாத்தேலாதோ?

— ஒருத்தராலும் ஏலாது.

— உங்கடை சட்டையிலை குத்தியிருக்கிறது?

— என்னிலை எவ்வளவு கதிர் பட்டதெண்டு பாக்கிற வில்லை. மாசம் ஒருக்காக் கொழும்புக்குப் போகும். நீர் படம் எடுக்க வந்தனீரோ, என்னைச் சோதிக்க வந்தனீரோ?

— சும்மா கேட்டன்.

— சும்மா கேக்கிறவை, மிசின் வெடிக்குமோ எண்டுதான் கேக்கிறவை. தாலியைக் கழட்டி அந்தக் கதிரையிலை வையும்.

— அதைக் கழட்டமாட்டன்.

— இஞ்சை வாற எல்லாப் பொம்பிளையளும் இதைத்தான் சொல்லுகினம். ஒரு அம்மா கழட்டி என்ரை கையிலை தந்திட்டு, படம் முடியுமட்டும் என்ரை கையையே பாத்துக்கொண்டு நிண்டவா. உம்மடையையும் நான் பத்திரமா வைச்சிருக்கிறன்.

— வெறும் மஞ்சள் கயிறுதான். கயிறு படத்திலை விழாதே.

— கயிறு விழாது. கயித்திலை தொங்கிறது விழும்.

— மிஸ்ஸி...

— தாரும் பிள்ளை.

— இந்தாங்கோ.

— இதென்ன? அலுமாரித் திறப்பெல்லோ!

— வெறும் கயிறெண்டா மேலை மேலை வருது... பாரத்துக்குக் கட்டினனான்.

— இப்பிடியே எடுத்திருந்தா உம்மடை நெஞ்சுக்குள்ளை ஒரு திறப்பு விழுந்திருக்கும். டொக்டர் பூட்டைத் தேடியிருப்பார்.

— சிரிக்காதேங்கோ.

— சிரிக்கேல்லை. தாலி பொய்யெண்டாப் பேரும் பொய்தான். பத்மாசனி ஆர்?

— அக்கா.

— அவாவுக்குத் தெரியுமோ?

— தெரியாது. பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டிருந்தவா. சந்தைக்கெண்டு சொல்லிப்போட்டு வவுனியா பஸ் ஏறினனான்.

— ஏன் இந்தக் கூத்து?

— எனக்குக் கண்டாவளையிலை கலியாணத்துக்கு ஒரு இடம் பேசுகினம். கசநோய் எண்டு என்ரை பேர் அடிபட்டா...

— அக்கான்ரை பேர் அடிபட்டாப் பரவாயில்லையோ? படத்திலை கறை விழுந்தா அந்தப் பேரைத் தேடித்தான் ஆசுப்பத்திரி ஆக்கள் உங்கடை வீட்டுக்கு வருவினம். அக்காவைக் கூட்டிக்கொண்டு போவினம். பால் குடிக்கிற பிள்ளையைப் பிரிச்சு வைப்பினம். நீர் மருந்தில்லாமல் குசினியிலை நிண்டு இருமிக்கொண்டிருப்பீர். இதை யோசிக்கேல்லையோ?

— என்ரை நெஞ்சை மட்டும்தான் யோசிச்சனான்.

— நான் சோதினை பாஸ் பண்ணி, பேர் பதிஞ்சு இன்னும் ஒரு வருசமாகேல்லை. பொய்ப் பேரிலை ஒரு படம் எடுத்தா அந்தப் பதிவு போச்சு. எடுக்கமாட்டன்.

— கெஞ்சிக் கேட்டா?

— கெஞ்சினாலும் எடுக்கமாட்டன். இந்தாரும் உம்மடை திறப்பு. பஸ் இன்னும் நிக்கும்.

— நான் போகேல்லை மிஸ்ஸி. அந்த எழுத்துகளைக் கலையுங்கோ.

— கலைச்சு?

— என்ரை பேரை, கமலாசனி எண்டு போடுங்கோ.

— டொக்டர் தந்த துண்டிலை அக்கான்ரை பேரெல்லோ கிடக்கு?

— நானே போய் அவரிட்டைச் சொல்லி மாத்திக்கொண்டு வாறன். ஏசினா ஏச்சை வாங்கிறன்.

— கண்டாவளை மாப்பிள்ளை?

— அப்பிடி ஒருத்தரும் இல்லை.

— ஓகோ... அதுவும் பொய்யோ. வடிவாய் யோசியும் பிள்ளை. கறை விழுந்தா நானும் மறைக்கமாட்டன், டொக்டரும் மறைக்கமாட்டார்.

— தெரியும். நாடியை நிமித்தி இந்தத் தகட்டு விளிம்பிலை வைச்சு, தோளை முன்னுக்குத் தள்ளுறதுதானே?

— ... ஓம். ஆர் சொல்லித் தந்தது?

— புத்தகத்திலை படிச்சனான்.

— உருத்திரபுரத்திலை இருந்துகொண்டு இந்தப் புத்தகம் உமக்கு என்னத்துக்கு?

— கொழும்பிலை உங்கடை இந்த வேலை படிக்க என்னை எடுத்திருக்கினம் மிஸ்ஸி. சேர முதல் நெஞ்சுப் படம் கேப்பினம், கறை இருந்தா விடமாட்டினம்... அதை ஒருத்தருக்கும் தெரியாமல் முதலே அறிவம் எண்டுதான் வந்தனான். இனித் தெரிஞ்சாத் தெரியட்டும். இந்த வருசம் விடாட்டி மருந்தெடுத்துப்போட்டு அடுத்த வருசம் போவன். நாளைக்கு நானும் இந்த எழுத்தை அடுக்கிறவள். என்ரை சொந்தப் படத்திலை பொய்ப் பேர் கிடக்கக்கூடாது. துண்டை மாத்திக்கொண்டு வாறன், நீங்கள் "க"விலை தொடங்கி அடுக்குங்கோ.