சாதாவே போதும்

பெட்ரோலில் ஆக்டேன் எண் கூடினால் வண்டி பறக்கும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம், சார். முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் மெக்கானிக். இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். தொண்ணூற்றொன்று, அதாவது சாதா பெட்ரோல், கேட்கிற இன்ஜினுக்குத் தொண்ணூற்றைந்து ஊற்றினால் ஒரு லாபமும் கிடையாது. ஆனால் தொண்ணூற்றைந்து கேட்கிற இன்ஜினுக்குத் தொண்ணூற்றொன்று ஆகாது. உள்ளே அழுத்தம் அதிகம். நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து, பிஸ்டனைத் தட்டித் தட்டியே தின்றுவிடும்.

மாப்பிள்ளை வாங்கிய பழைய வண்டி அந்த இரண்டாவது ரகம்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மகள் பாப்பாவைக் கட்டிக்கொண்டு என் வீட்டு மாடியிலேயே இருந்தார். நான் சாப்பிடாமல் பட்டறையில் கிடந்தால் தட்டோடு வந்து நிற்பார். மனைவி போன பிறகு எனக்குப் பாப்பாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? அது அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் இரண்டு பேரும் இறங்கிவந்து, மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு மாதத்தில் கிளம்புகிறோம் என்றார்கள். கேட்கவில்லை சார், சொன்னார்கள்.

அந்த வாரம்தான் வண்டி வாங்கினார். டேங்க் மூடியில் ஒட்டியிருந்த தாள் அழிந்துபோயிருந்தது.

"மாமா, இதுக்கு எந்தப் பெட்ரோல் போடணும்?"

"சாதாவே போதும் மாப்பிள்ளை. மத்ததெல்லாம் காது குத்துற வேலை."

"நீங்க சொன்னா சரிதான் மாமா."

அந்த நிமிஷம் திட்டம் எதுவும் இல்லை. வாய் சொல்லிவிட்டது. வண்டி படுத்துவிட்டால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் சத்தம் ஆரம்பித்தது. என்னைப் பின்னால் உட்காரவைத்து, மேட்டில் ஏற்றிக் காட்டினார். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம்.

"என்ன மாமா இது?"

"டேப்பெட் சத்தம். பழைய வண்டின்னா கொஞ்சம் பேசத்தான் செய்யும்."

வேலை செய்யச் சோம்பலாக இருந்தால் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. வால்வைத் தட்டுகிற டேப்பெட்டின் சத்தத்தால் யாரும் சாவதில்லை. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "இதுவும் உங்கள மாதிரிதானா மாமா" என்றார். நானும் சிரித்தேன்.

கிளம்புகிற அன்று காலை பங்க்கில் வேலை செய்கிறவர், இந்த வண்டிக்குப் பெரிய எண்தான் போடணும் என்று அடித்துச் சொன்னாராம். மாப்பிள்ளை தலையாட்டப் போனாராம். "எங்கப்பாவுக்குத் தெரியாததா?" என்று பாப்பாதான் தடுத்தாளாம்.

வீட்டு வாசலில் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எறங்கும்மா. சாமான் பாரமே போதும், நீ பஸ்ல போ" என்று இறக்கினேன்.

வண்டி நின்றுவிடும் என்று மட்டும் நினைத்திருந்தால் மகளை எதற்கு இறக்கினாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மலையேறும்போது சூட்டில் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அப்படி வந்த வண்டிகள் இரண்டை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் கையசைத்து அனுப்பினேன்.

ஏழாவது வளைவில் லாரிக்கு அடியில் கிடந்தாராம். நல்ல பையன், சார்.

இன்ஜினைப் பிரித்தவர்கள் எண் குறைந்த பெட்ரோல் போட்டதால் வந்த கோளாறு என்று எழுதிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து, "நான்தாம்பா தடுத்தேன், நான்தான் கொன்னேன்" என்று பாப்பா சுவரில் முட்டிக்கொள்கிறாள். உன்மேல் தப்பில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டவள் வீட்டை விட்டு எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

நேற்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அவர் சேரவிருந்த இடத்திலேயே இவளுக்கும் ஏதோ வேலை போட்டுத் தருகிறார்களாம். கெஞ்சிப் பார்த்தேன். காலில் விழாத குறை. அவள் கேட்கவில்லை. அதனால்தான் விடிந்ததும் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கொன்றது நான்தான். பாப்பாவுக்கும் சொல்லி அனுப்புங்கள். கேட்டதும் ஓடி வருவாள். ஜெயிலில் வாரத்துக்கு எத்தனை தடவை பார்க்க விடுவார்கள், சார்? பெற்ற மகள் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே விடுவார்கள்தானே.